மார்ச் முடிவதற்குள்

மெரிடா, யுகத்தான்
1996 நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ அழுவாய், உன் அழுகைக்கு நிமிடக் கணக்கில் காசு கட்ட என்னால் ஆகாது, எதுவானாலும் எழுது என்று வாசலில் நின்று சொன்னாய். எழுதுகிறேன். மெக்சிகோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. உயிரோடுதான் இருக்கிறேன். வயிறும் ஒழுங்காக இருக்கிறது, நீ நினைத்ததுபோல ஒன்றும் ஆகவில்லை.

வீடு கிடைத்துவிட்டது. கதவைத் திறந்தால் நடைபாதை. படி என்ற பேச்சே இல்லை. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் முற்றம், அதில் ஒரு கசப்பு ஆரஞ்சு மரம். கட்டில் மட்டும் கிடையாது. இங்கே எல்லா அறைச் சுவரிலும் இரும்புக் கொக்கி பதித்து வைத்திருக்கிறார்கள். நூல் வலையில் பின்னிய தூளியை அதில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான். முதல் நாள் நீட்டி நிமிர்ந்து படுத்து, வாழைப்பழம் மாதிரி வளைந்து எழுந்தேன். பக்கத்து வீட்டு வில்மா அம்மாள் என் நடையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "குறுக்கால படுங்கம்மா, குறுக்கால! நேரா படுத்தா இடுப்பு போயிரும்" என்று பாதி வாயாலும் பாதி கையாலும் சொன்னாள். குறுக்காகப் படுத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை இந்த ஊர் முழுக்க ஒரே சமையல், கறுப்பு மொச்சையும் பன்றிக்கறியும். தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வாசனைதான் வரும். ஊறவைத்த பன்றிக்கறியை வாழையிலையில் சுற்றி வேகவைப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு. அது தெரியாமல் நான் திங்கட்கிழமை போய் அதைக் கேட்டேன். கடைக்காரி பக்கத்தில் நின்றவளிடம், "இந்தம்மா நேத்தைக்கு வந்திருக்கணும்" என்றாள். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

நீ என்றாவது வருவதானால் 'என்ன விலை' என்பதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர்களைத் தாண்டிப் போனால் 'ப்ரொவேச்சோ' என்று சொல்ல வேண்டும். நல்லா சாப்பிடுங்க என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள்.

கழுவாத கரண்டி ஒன்றுக்காகத் தூங்குகிறவளை எழுப்பலாமா என்று அன்று கத்தினேன். ஒரு கரண்டிக்காக வீட்டை விட்டுப் போனவள் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாய். சொல்லிக்கொள். ஏப்ரலில் வந்துவிடுவேன்.

உன் கார்மெல்


மொன்றியல்
1996 டிசம்பர் 17

கார்மெல்,

கடிதம் வந்தது. எல்லோரிடமும் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? கீழ்வீட்டுப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன், அவளும் உன் பக்கம்தான் பேசினாள்.

இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. வெளிப்படிப் பனியை நீ வாரிக்கொண்டிருந்தாய், இப்போது நான் வாருகிறேன். மூன்றாம் மாடியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் இரும்புப் படியை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் காலம் முழுக்க ஜூலையிலேயே வாழ்ந்திருப்பான். முழங்கால் பற்றிக் கேட்காதே.

நீயும் கேட்டுக்கொள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. தூளியைக் காலையில் சுருட்டி வை, நாள் முழுக்கத் தொங்கினால் வீடு வீடாக இருக்காது. முற்றத்து மரத்தடியில் துணி காயப்போடாதே, பறவைகள் இருக்கும். பின்கதவுத் தாழ்ப்பாளைப் படுக்கும் முன் ஒருமுறை இழுத்துப் பார். நீ பார்க்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே தூர்த்தியேர் சுட்டேன். மாவுக்குள் கறியும் கிராம்பும் கை பழகிய அளவில் வைத்து மூடிவிட்டு, பிறகுதான் ஆள் ஒன்று குறைவு என்று நினைவு வந்தது. மிச்சத்தைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன்.

நூலகத்தின் அடித்தளத்தில் செவ்வாய்க்கிழமை ஸ்பானிஷ் வகுப்பு நடக்கிறது. சேர்ந்திருக்கிறேன். உடனே பெரிதாக ஏதாவது நினைத்துக்கொள்ளாதே, சாயங்காலம் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. மற்றவர்களெல்லாம் கடற்கரை விடுதிக்குப் போகும் ஜோடிகள். பீர் கேட்கத் தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். இப்போது நாங்கள் நாலு பேர்தான். ஆசிரியர் ஒர்லாந்தோ சிலி நாட்டுக்காரர். "யூகெத் அம்மா, நீங்க வணக்கம் சொன்னாக்கூட திட்டுற மாதிரியே இருக்கே" என்கிறார். முப்பது வருடம் பள்ளிச் சமையலறையை நடத்தியவள் வேறு எப்படிப் பேசுவாள்?

அங்கே கட்டில் விற்கிறார்களா இல்லையா? சும்மா கேட்கிறேன்.

யூகெத்


மெரிடா
1997 ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வில்மா அம்மாள் தபால்காரரிடமிருந்து வாங்கி, முகவரியைச் சத்தமாகப் படித்துக்கொண்டே கொண்டுவந்தாள். "அக்காவா? எழுத்தப் பார்த்தாலே தெரியுது, மூத்தவங்க எழுத்து. எப்போ வர்றாங்க?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன்.

இங்கே சாயங்காலமானால் எல்லோரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் ஒரு நாற்காலி வாங்கிவிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஒரு வணக்கம். வில்மா அம்மாள் எனக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கிறாள், புத்தகமெல்லாம் இல்லை. தப்பாகச் சொன்னால் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பாள். அப்படிச் சிரித்தால் அந்த வார்த்தை அப்புறம் மறப்பதில்லை. உன் ஒர்லாந்தோவிடம் சொல்.

ரொட்டியை எடை போட்டு விற்கிறார்கள் அக்கா, சோள ரொட்டி. வீட்டிலிருந்து துணி கொண்டுபோனால் அதில் சுற்றித் தருவார்கள். துணி இல்லாமல் போனால் காகிதத்தில் சுற்றுவார்கள், வீடு வருவதற்குள் வேர்த்து ஒட்டிப்போகும். நல்ல துணியாக இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் ஏப்ரலில் வரவில்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். விரல் மூட்டு வீக்கம் வற்றிவிட்டது. காலையில் எழுந்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் எழுத நினைத்தது அது இல்லை, காலையில் வெயில் நன்றாக இருக்கிறது என்று எழுத வந்தேன்.

நீயும் வந்துவிடேன். மூன்றாம் மாடியைக் கொடுத்துவிடலாம். முன்னறை உனக்கு, பின்னறை எனக்கு. அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாக யோசி. கட்டிலுக்கு விசாரிக்கிறேன்.

உன் கார்மெல்


மொன்றியல்
1997 பிப்ரவரி 28

கார்மெல்,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் படியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு. மாவுக்கட்டை நேற்றுத்தான் பிரித்தார்கள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கீழ்வீட்டுப் பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஒருவாரம் அவள் கொடுத்த சூப்பைத்தான் குடித்தேன், உப்பே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை வீட்டுக்காரர் பூலியோ அடுத்த வருடத்து நோட்டீஸோடு படியேறி வந்தார்.

"இந்தத் தடவையும் பதில் ஒண்ணும் வராதுல்ல, யூகெத் அம்மா?" என்றார்.

"இத்தன வருஷத்துல வந்திருக்கா?"

"அதான். உங்க ரெண்டு பேர மாதிரி பேசாம இருக்கிற குடித்தனக்காரங்க எனக்கு வேற யாரு இருக்கா?"

சட்டம் உனக்கே தெரியும். ஒரு மாதத்துக்குள் காலி செய்கிறோம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், பேசாமல் இருந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஜூலையிலிருந்து இன்னொரு வருடம் நம் தலையில் கட்டிவிடுவார்கள். பத்தொன்பது வருடமாக நாம் அப்படித்தான் ஓட்டினோம். என் கணவர் ரொலான் போன பிறகு, ஒரு குளிர்காலத்துக்கு என் துணைக்கு வருகிறேன் என்று நீ பெட்டியோடு வந்தாய். போகவும் இல்லை, இருக்கிறேன் என்று சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இந்த முறை கேட்கிறேன். இந்தப் படியில் இன்னொரு குளிர்காலம் என்னால் முடியாது. ஆனால் வாய்ப்பேச்சுக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு வரவும் மாட்டேன். நான் வரட்டுமா, வேண்டாமா? ஒரு வரி போதும். ரொட்டி, மொச்சை, துணி எதுவும் வேண்டாம். மார்ச் முடிவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். தபாலை நம்ப முடியாது, இந்த ஒரு தடவை போன் செய். காசு நான் தருகிறேன். அழுதாலும் பரவாயில்லை.

அலுத்துவிட்டது கார்மெல். பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியாகப் படியைப் பார்க்கிறேன், அங்கேயே பாதி நாள் போய்விடுகிறது.

யூகெத்


மெரிடா
1997 மார்ச் 18

அன்புள்ள அக்கா,

மணிக்கட்டு விஷயத்தைப் படித்ததும் பயந்துவிட்டேன். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கையை வைத்து, விரலை மெல்ல மடக்கி நீட்டு. ஒரே நாளில் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிவிடாதே.

வருவது பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே ஏப்ரல், மே இரண்டும் கொடும் வெயில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட நடக்காது. வருவதானால் கம்பளி எதுவும் வேண்டாம். பருத்தி மட்டும், அதுவும் வெளிர் நிறத்தில். காலுக்குத் திறந்த செருப்பு, வெயிலில் கால் வீங்கும். ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்க வேண்டியிருக்கும். மழை பிடித்துவிட்டால் கொசுவும் உண்டு. மின்விசிறி ஓடாத நேரத்தில் உள்ளே உட்கார முடியாது, மின்சாரம் அடிக்கடி போகும்.

சாப்பாட்டில் காரத்தைக் கவனிக்க வேண்டும். சின்னதாக, அழகாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிளகாய். பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை. நம்முடைய வெண்ணெய் மாதிரி இங்கே கிடைக்காது, கேட்டுப் பார்த்தேன்.

பேச்சு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நேராக 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். 'பார்க்கலாம்', 'கடவுள் விட்டால்', 'இன்னொரு நாள்' என்பார்கள். நீ நேராகக் கேட்கிறவள், முதலில் உனக்குக் கஷ்டமாக இருக்கும். வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் நலமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் தக்காளி கேட்க வேண்டும்.

கட்டில் இன்னும் அமையவில்லை. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மற்றபடி உன் இஷ்டம் அக்கா. உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்.

உன் கார்மெல்


மொன்றியல்
1997 ஏப்ரல் 9

கார்மெல்,

உன் கடிதம் நேற்று வந்தது. ஏப்ரல் எட்டாம் தேதி.

வெயிலைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறாய். புரிந்தது. வீட்டு விஷயம் முடிந்துவிட்டது. நீ எதுவும் செய்ய வேண்டாம்.

கை தேவலை.

யூகெத்


மெரிடா
1997 மே 2

அக்கா,

வீட்டு விஷயம் முடிந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எப்போதும்போலப் பேசாமல் இருந்துவிட்டாய், வீடு இன்னொரு வருடத்துக்கு நம் பெயரிலேயே ஓடும். படித்தவுடன் முதலில் வந்தது நிம்மதிதான். பெரிய நிம்மதி. பிறகு அதை நினைத்து அவமானமாக இருந்தது, மூன்று நாள் வாசலில் நாற்காலி போடவில்லை.

வில்மா அம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "எங்க அக்கா வர்றாங்கன்னா நான் அன்னைக்கே கட்டில் வாங்கிப் போட்டிருப்பேன். இந்தத் தெருக் கோடியில கட்டில் கடை இருக்கு. தினமும் அதத் தாண்டித்தான் நீங்க மார்க்கெட்டுக்குப் போறீங்க."

அவள் போனதும் காகிதத்தை எடுத்தேன். உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் வா என்று எழுதினேனே, அப்போதும் நீ வர வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உன் பிப்ரவரிக் கடிதம் மார்ச் நடுவிலேயே கைக்கு வந்தது. தெரு மூலையில் போன் கூண்டு இருக்கிறது. இரண்டு முறை உள்ளே போய் நின்றேன். வா என்று சொல்ல வாய் வரவில்லை. வராதே என்று சொல்ல, விழுந்து கையை உடைத்துக்கொண்டவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? வீட்டுக்கு வந்து கொசுவையும் மிளகாயையும் பற்றி எழுதினேன். இங்கே வெண்ணெய் நன்றாகவே கிடைக்கிறது.

நீ கெட்டவள் இல்லை அக்கா. உன்னால்தான் நான் பத்தொன்பது வருடம் பட்டினி கிடக்காமல், குளிரில் நடுங்காமல் இருந்தேன். ஆனால் உன் வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு தட்டை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்தே அறுபத்தைந்து வயது ஆகிவிட்டது. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாயா என்று யாரும் கேட்காத ஒரு வீடு எனக்கு வேண்டியிருந்தது. அது இப்போதுதான் கிடைத்தது. நீ வந்தால் ஒரு வாரத்தில் அது உன் வீடாகிவிடும். உனக்கே தெரியாமல் ஆகிவிடும்.

வாடகையில் என் பாதியை அடுத்த வருடமும் அனுப்புகிறேன். என் பெயரும் அதில் இருக்கிறதே. பனி வார ஓர் ஆள் வைத்துக்கொள். நீ என்னை எப்படித் திட்டினாலும் சரி, எழுது.

கார்மெல்


மொன்றியல்
1997 ஜூலை 3

கார்மெல்,

நீ உண்மையை எழுதிய கடிதம் வந்து ரொம்ப நாள் ஆகிறது. பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதோடு மூட்டை கட்ட வேண்டியிருந்தது. உறையில் உள்ள முகவரியைப் பார். நான் வீடு மாறிவிட்டேன்.

பேசாமல் இருந்துவிட்டேன் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். பேசாமல் இருந்தால் சம்மதம் என்கிற நம் ஊர்க்காரி, வேறு எப்படி நினைப்பாய்? மார்ச் கடைசி வாரம் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்கும் போகவில்லை. கடைசி நாள் காகிதத்தை எடுத்து, காலி செய்கிறோம் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். உன் கையெழுத்தையும் நானே போட்டேன், பள்ளிக்கூட நாளிலிருந்து போட்டுப் பழகியதுதானே. எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பூலியோவிடம் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "நெசமாவா? இந்த வயசுல எங்க போறீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கீழ்வீட்டுப் பெண் கதவைத் திறந்து, "போயிட்டு நல்லா இருங்க, யூகெத் அம்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

போன் வராவிட்டால் நீ அழுதுகொண்டிருப்பாய் என்று நினைத்தேன். என் தங்கச்சி போனில் வா என்று சொல்லத் தெரியாதவள், கட்டில் வாங்கிப் போட்டுவிட்டு அழுகிறவள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. நீ சொல்லாமலேயே திறந்த செருப்பு வாங்கி வைத்திருந்தேன். காலில் போட்டுப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

பூலியோவிடம் போய் நின்றேன். வேறு வழி? "அடடா, நேத்துதான் புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குக் கொடுத்துட்டேனே" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காரணம் கேட்கவில்லை, அது பெரிய உபகாரம். ஏப்ரலிலும் மேயிலும் ஊரில் எந்த வீடும் காலி இல்லை, எல்லோரும் ஜூலை ஒன்றுக்கு எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு தெரு தள்ளி, ஒன்றரை அறை, தரைத்தளம் கிடைத்தது. ஒர்லாந்தோவும் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் வந்து சாமான் இறக்கினார்கள். குளிர்சாதனப் பெட்டியை அந்த வளைந்த படியில் இறக்கும்போது மூன்று பேரும் மூன்று மொழியில் திட்டினார்கள், எனக்கு எல்லாம் புரிந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பை நான் விடவில்லை.

இப்போது உன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பாதி வாடகையும் அனுப்பாதே. உன் இரண்டு பெட்டிகள் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.

வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். மூச்சு முட்டியது என்ற இடத்தை நான் பல தடவை படித்தேன். முதலில் கோபத்தோடு படித்தேன், இந்த நன்றிகெட்டவளை என்று. நேற்று சாமானெல்லாம் வைத்து முடித்து, யாரும் இல்லாத அறையில் படுத்தவள் இன்று காலை ஒன்பது மணி வரை தூங்கினேன். நான் ஒன்பது மணி வரை தூங்கினேன், கார்மெல். உன் நடைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே பத்தொன்பது வருடம் அரைத் தூக்கம் தூங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. உனக்கு மட்டும் முட்டியது என்று நினைக்காதே.

இனி எனக்கு எப்படி வாழ்வது என்று எழுதாதே. நானும் எழுதமாட்டேன். என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், மழை வந்ததா, அது போதும். கோபம் இன்னும் போகவில்லை. அது போகட்டும் என்று காத்திருக்காதே, எழுது.

யூகெத்